பள்ளிக் காணியில் முதல் வீடு

அத்தியாயம் பதினேழு

போன கிழமை பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்தில் ஷஸ்னா எழும்பி நின்று, விடிந்ததும் தொடங்கி அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்னர் ஒரு வீட்டை நிறுத்திக் காட்டுவேன் என்று சொன்னபோது, வாசிக்கிற நீங்கள் கொஞ்சம் பயந்திருப்பீர்கள். எழுதுகிற எனக்கும் பயம்தான். சொன்னவள் மட்டும் அன்றிரவு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.

விசயம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். கடல் வீட்டைக் கொண்டுபோன இருபது குடும்பங்கள் கற்பிட்டி வீதியோரம் தறப்பாள் கொட்டில்களில் கிடக்கின்றன. அவர்களுக்குப் பள்ளிவாசல் தன் காணியைக் கொடுத்துவிட்டது. அதில் வீடு கட்டப் போவது யார் என்பதுதான் கேள்வி.

ஒரு பக்கம் கொழும்பிலிருந்து வந்திருக்கும் பெரிய கட்டடக் கம்பனி. மறுபக்கம் நம் ஷஸ்னா. முந்தல் ஊரில் கைவிட்டுப்போன இறால் பண்ணையொன்றை வாடகைக்கு எடுத்து, சுவர்களை அங்கேயே கொங்கிறீட்டில் அச்சு வார்த்து அடுக்கி வைத்திருக்கிறாள். நிர்வாகத் தலைவர் அலியார் ஹாஜியார் தீர்ப்பை நீட்டவில்லை. மஃரிபுக்குள் ஒரு வீடு நின்றால் இருபதும் அவளுக்கு, நிற்காவிட்டால் கொழும்புக் கம்பனிக்கு என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கூட்டத்திலிருந்து பாதியில் எழும்பிப் போனவர் அவளுடைய வாப்பா அபூசாலி.

புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையில் பாதி வீடுகள் அபூசாலி கட்டியவை. கல்லுக்கு மேல் கல் வைத்து, நூல் பிடித்து, தண்ணீர் ஊற்றிக் காயவிட்டுக் கட்டுவதுதான் வீடு, எங்கேயோ வார்த்துக் கொண்டுவந்து நிறுத்துவது பெட்டி என்பது அவர் கட்சி. மகள் தன்னோடு வேலை செய்வதை விட்டு முந்தலுக்குப் போன நாளிலிருந்து அவளோடு நேரே கதைப்பதில்லை. சோறு வேண்டுமா என்பதைக்கூட மனைவி முனவ்வராவைக் கொண்டுதான் கேட்பார். இரண்டு வருசமாக அந்த வீட்டில் முனவ்வராவின் வேலை சமையல் பாதி, தபால் பாதி.

அப்படிப்பட்ட மனிதர் இன்றைக்கு விடிந்ததும் பள்ளிக் காணிக்கு எதிரே, வீதியோரத்துப் பூவரச மரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். கேட்டவர்களிடம் ஓர் ஆளுக்காகக் காத்திருக்கிறேன் என்றார். யாரும் நம்பவில்லை.

அக்மல் லொறியோடு முந்தலிலிருந்து வந்து சேர்ந்தான். ஷஸ்னாவின் தம்பி. ராத்தாவுக்கும் வாப்பாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, பகலில் ராத்தாவின் லொறியை ஓட்டி, இரவில் வாப்பாவின் ஏச்சை வாங்கும் பிள்ளை. சிலாபத்து றொபி தன் கிரேனை முதல் நாள் மாலையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

முதலில் இறங்கியது குளியலறை. அதை அறை என்பதா, பெட்டி என்பதா என்று தெரியவில்லை. நிலம், நாலு சுவர், கதவு வைக்கும் வாசல், நிலத்தில் பதித்த கக்கூஸ் கொமட் எல்லாம் சேர்த்து ஒரே வார்ப்பு. கூரை மட்டும்தான் இல்லை. கிரேனில் அது தூக்கப்பட்டு, ஏற்கெனவே போட்டிருந்த அத்திவாரத்தின் பின்மூலையில் சதுரமாக விட்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்தபோது, வேடிக்கை பார்த்த சனம் அல்லாஹு அக்பர் என்றது.

பிறகு சுவர்கள். ஒவ்வொன்றும் ஜன்னல் வாய் சகிதம் லொறியிலிருந்து எழும்பி, காற்றில் மெதுவாகத் திரும்பி, தன் இடத்தில் வந்து நின்றது. முட்டுக் கொடுத்தார்கள், மூட்டுகளில் சாந்து நிரப்பினார்கள். ஷஸ்னா ஒவ்வொரு சுவருக்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் றொபி கொக்கியைக் கழற்றுவார். அடுக்களைச் சுவர், அறைச் சுவர், முன்வாசல் என்று வெயில் ஏற ஏற வீடும் ஏறியது.

கொழும்புக் கம்பனி ஓர் இளம் அதிகாரியை அனுப்பியிருந்தது. பளபளக்கும் சப்பாத்தோடு வந்தவர், மணலில் நாலு அடி வைத்ததும் சப்பாத்துக்குள் பாதிக் கற்பிட்டி ஏறிவிட்டது. ஒற்றைக் காலில் நின்று சப்பாத்தைத் தட்டுவதும், போனில் படம் எடுப்பதுமாக இருந்தார். முதலில் சிரித்துக்கொண்டு எடுத்தார். நாலு பக்கமும் சுவர் நின்ற பிறகு சிரிக்காமல் எடுத்தார்.

அந்த வீடு றஹ்மத் உம்மாவுக்கு. ஐம்பது வயது, புருசன் மவுத்தாகிவிட்ட விதவை, கருவாடு காயவைத்து விற்றுப் பிழைப்பவர். இருபது குடும்பங்களும் சேர்ந்து முதல் வீடு அவருக்கென்று முடிவு செய்திருந்தன. அவர் காலையிலிருந்து ஒரு கல்லில் உட்கார்ந்து தன் வீடு வானத்திலிருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பகல் லுஹர்த் தொழுகைக்கு வேலையை நிறுத்தினார்கள். முனவ்வரா அனுப்பியிருந்த சோற்றுப் பொதிகளை அக்மல் பகிர்ந்துகொண்டிருந்தான். கூரையும் சில்லறை வேலையும்தான் பாக்கி. ஷஸ்னா மனதுக்குள் வென்றுவிட்டாள். பொதியை அவிழ்த்து ஒரு கவளம் வாயில் வைத்தபோது றஹ்மத் உம்மா பக்கத்தில் வந்து குந்தினார்.

உள்ளே போய்ப் பார்த்தாராம். குளியலறைக்குள் சீமெந்து விழாமல் கொமட்டை மூடிக்கட்டியிருந்த சாக்கையும் எடுத்துப் பார்த்தாராம். முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"புள்ள, நான் குறை சொல்ல வரல்ல. கொமட் நேர கிப்லாவைப் பாத்து இரிக்கி."

ஷஸ்னா சோற்றை வைத்துவிட்டு ஓடினாள்.

உண்மைதான். மக்கா இருக்கும் பக்கம் மேற்கே கொஞ்சம் வடக்காக. இந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் அது தெரியும். தொழும்போது முகம் வைக்கும் திசைக்கு முகத்தையோ முதுகையோ காட்டிக்கொண்டு அந்தக் காரியத்துக்கு உட்காரமாட்டார்கள். எந்த மேசன் வீடு கட்டினாலும் கொமட்டைக் குறுக்கேதான் பதிப்பான். இங்கே அது குறி பார்த்து வைத்ததுபோல நேராக இருந்தது.

கதை பரவ நேரம் எடுக்கவில்லை. பொதியைக் கையில் வைத்துக்கொண்டே சனம் எட்டிப் பார்த்தது. அலியார் ஹாஜியார் கதிரையிலிருந்து எழும்பி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் இந்த விசயத்தில் விட்டுக்கொடுக்க அவருக்கு இடமில்லை.

"சுவர் நிண்டாப் போதுமா மகள்? இதுக்குள்ள எந்தப் பொம்புள போவா?"

சப்பாத்துக்காரர் பக்கத்தில் வந்து, தங்கள் கம்பனி கல்லால் கட்டுவதால் கொமட்டைக் கடைசியில்தான் பதிக்கும் என்றும், எந்தத் திசைக்கும் திருப்பிக்கொள்ளலாம் என்றும் மிக மரியாதையாக விளக்கினார். இது முழுக்க ஒரே வார்ப்பு என்பதால் உடைத்தால் நிலம் முழுவதும் போகும் என்றும் சேர்த்துச் சொன்னார். கோபம் வருவதற்கு அவர் சொன்னது பிழையாக இருக்கவில்லை என்பதே போதுமானதாக இருந்தது.

ஷஸ்னா அக்மல் மேல் பாய்ந்தாள். வார்த்த அன்று அவன்தான் பொறுப்பு. கொமட் இந்தக் காணியில் கிப்லாவுக்குக் குறுக்கே வரும்படி அவள் வரைந்து கொடுத்திருந்தாள், அவளுக்கு அது நிச்சயம். கண் எங்கே வைத்திருந்தாய், போன் பார்த்துக்கொண்டிருந்தாயா என்று ஊர் பார்க்கக் கேட்டாள். அவன் முகம் சிறுத்துப்போயிற்று.

"வல்லாஹி ராத்தா, நீங்க வரஞ்ச மாதிரித்தான் வெச்சன்."

"வெச்சா எப்பிடிடா இது திரும்பும்?"

முந்தலில் இருந்தது ஒரே ஓர் அச்சு, அதில் வார்த்தது இந்த ஒரே ஒரு பெட்டி. இன்னொன்று வார்த்துக் காயவைக்க ஒரு கிழமையாவது வேண்டும். மஃரிபுக்கோ ஒரு பின்னேரம்தான் இருந்தது. இரண்டு வருசத்து உழைப்பு ஒரு கொமட்டில் போய்ச் சிக்கிக்கொண்டதே என்று ஷஸ்னாவுக்கு அழுகை முட்டியது. அந்தச் சனத்துக்கு முன்னால் அழுவதைவிட வேலையை விட்டுப் போவது மேல் என்றிருந்தது.

அப்போது சனம் விலகியது.

அபூசாலி மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். நேரே குளியலறைக்குள் போனார், கொமட்டைப் பார்த்தார், வெளியே வந்தார். இரண்டு வருசத்துக்குப் பிறகு மகளின் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"அவனை ஏசாத மகள். நான்தான் திருப்பினன்."

யாருக்கும் விளங்கவில்லை. ஊரெல்லாம் நிற்கும்போது சொல்வது அபூசாலிக்கு எளிதாக இருக்கவில்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்.

"பெட்டி வார்த்த அண்டு, நீ புத்தளத்துக்குப் போன நேரம், நான் முந்தலுக்கு வந்தன். என்னதான் செய்யிறாய் எண்டு பாக்க. இவன் சாந்து குழைக்கிற பக்கம் நிண்டான், என்னக் காணல்ல. அச்சுக்குள்ள எட்டிப் பாத்தா கொமட் நேர கிப்லாவுக்கு இரிந்திச்சி. என்ட மகள் இப்பிடி வெச்சா ஊர் என்ன சொல்லும் எண்டு, என்ட கையாலயே திருப்பி வெச்சிட்டு வந்திட்டன். முந்தல்ல கிப்லா எங்க எண்டுதான் பாத்தன். பெட்டி இங்க வந்து வேற பக்கம் திரும்பி இரிக்குமெண்டு நினைக்கல்ல."

பாருங்கள், இந்தப் பிழையை அபூசாலியைத் தவிர வேறு யாரும் விட்டிருக்க முடியாது. நாற்பது வருசமாக அவர் நிற்கிற இடத்தில்தான் வீடும் நின்றிருக்கிறது. வந்து நிற்பார், கிப்லாவைப் பார்ப்பார், கொமட்டைக் குறுக்கே பதிப்பார், போய்விடுவார். ஓர் ஊரில் பிறந்து இன்னோர் ஊரில் போய் நிற்கிற வீட்டை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. முந்தலில் அச்சு எந்தப் பக்கம் கிடந்தாலும் காரியமில்லை, இங்கே வந்து நிற்கும்போதுதான் கணக்கு என்பது அவர் கைக்குத் தெரியாது.

ஷஸ்னாவுக்கு முதலில் வந்தது கோபம். சத்தியமாகக் கோபம்தான். அதன் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. வாப்பா முந்தலுக்கு வந்திருக்கிறார். யாருக்கும் சொல்லாமல் வந்து, என் வேலையை எட்டிப் பார்த்து, எனக்கு ஊரில் தலைக்குனிவு வந்துவிடக் கூடாதே என்று பதறியிருக்கிறார். இரண்டு வருசமாக அவள் வேண்டிக்கொண்டிருந்தது அதுதான். வந்த வேளைதான் சரியில்லை.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"எவ்வளவு திருப்பினீங்க வாப்பா?"

"கால் வட்டம்."

"சரியாவா?"

"நான் வெச்சா சரியாத்தான் இரிக்கும்."

ஷஸ்னா சிரித்துவிட்டாள். அழப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்த சனம் குழம்பிப்போயிற்று.

கொமட் கால் வட்டம் திரும்பியிருந்தால் பெட்டியை மறுபக்கம் கால் வட்டம் திருப்ப வேண்டியதுதான். பெட்டி சதுரம், இருந்த இடத்திலேயே உட்காரும். கொமட் குறுக்கே வந்துவிடும். அதன் குழாய்வாயும் அவள் முதலில் வரைந்த இடத்துக்கே திரும்பி, ஏற்கெனவே புதைத்திருக்கும் பைப்புக்கு நேரே வந்து நிற்கும். பைப் பூட்டுவதைக் கடைசிக்கு விட்டிருந்ததால் காலையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கூரை இன்னும் போடாததால் மேலால் தூக்கலாம்.

ஒன்றே ஒன்று மாறும். அடுக்களைக்குள் திறக்க வேண்டிய குளியலறை வாசல் வெளியே, பின்வளவுப் பக்கம் போய்விடும். அடுக்களைச் சுவரில் அதற்கென்று விட்ட வாசல் வெறும் கொங்கிறீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அது றஹ்மத் உம்மாவின் வீடு. அவரிடம்தான் கேட்க வேண்டும். ஷஸ்னா கேட்டாள்.

றஹ்மத் உம்மா இவ்வளவு நேரமும் தன்னால்தான் இந்தப் பிரச்சினை வந்தது என்று ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றிருந்தார். இப்போது அவர் முகம் மலர்ந்தது.

"அடுப்புக்கு நேர கக்கூஸ் வாசல் வரப்போகுதே எண்டு எனக்கு விடிஞ்சதில இருந்து நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி. சும்மா கிடைக்கிற வீட்டுக்கு என்னத்தச் சொல்ற எண்டு வாய மூடிட்டு இரிந்தன். வெளிய திருப்புங்க புள்ள. அந்த ஓட்டைக்குள்ள நாலு பலக அடிச்சித் தந்தா எனக்கு அலுமாரி."

பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அலியார் ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு கதிரைக்குத் திரும்பினார். மஃரிப் வரைக்கும் நேரம் இருக்கிறது என்றார்.

சொல்வது சுலபம். பெட்டியை ஒட்டி வீட்டுச் சுவர்கள் நின்றன. மூட்டுச் சாந்து இன்னும் இறுகாததால் அதைக் கரண்டியால் சுரண்டி எடுத்தார்கள். அதற்குள் கடற்காற்று எழும்பிவிட்டது. பின்னேரமானால் கற்பிட்டியில் காற்று யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. றொபி கிரேனிலிருந்து தலையை நீட்டி, பெட்டி காற்றில் ஆடி அடுக்களைச் சுவரில் தட்டினால் சுவரும் போகும் பெட்டியும் போகும், ஆட்டம் நிற்கும்படி நாலு பக்கமும் கயிறு பிடித்தால்தான் தூக்குவேன் என்று சிங்களத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொன்னார்.

மூன்று கயிற்றை ஆட்கள் பிடித்தார்கள். அடுக்களைச் சுவரோரக் கயிற்றை, அதாவது பிசகினால் ஆளையும் நசுக்கக்கூடிய இடத்துக் கயிற்றை, அபூசாலி எடுத்துக் கையில் சுற்றினார். அக்மல் தான் பிடிக்கிறேன் என்று ஓடிவந்தான். அவர் கொடுக்கவில்லை.

பெட்டி எழும்பி, திரும்ப இடம் வேண்டி வெளிப்பக்கம் சற்று விலகியது. ஓர் ஆள் உயரம் போனதும் காற்று அதைப் பிடித்துக்கொண்டது. கயிறுகள் விறைத்தன. பெட்டி அடுக்களைச் சுவருக்கு ஒரு சாண் தூரம் வரைக்கும் போய்விட்டது. அபூசாலி இரண்டு குதிகாலையும் மணலில் ஊன்றிக்கொண்டு, கண்ணைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் கேட்டார்.

"எந்தப் பக்கம் மகள்?"

அவரிடம் வேலை பழகிய பாஸ்மார் (மேசன்மாரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நாலைந்து பேர் சனத்தில் நின்றார்கள். அபூசாலி வேலைத்தளத்தில் இன்னொருவரிடம் திசை கேட்டதை அவர்கள் அன்றுதான் கேட்டார்கள்.

"உங்கட வலப் பக்கம் வாப்பா. மெதுவா. இன்னும் கொஞ்சம். அப்பிடியே பிடிங்க."

அவர் பிடித்தார். பெட்டி திரும்பியது. கால் வட்டம் வந்ததும் ஷஸ்னா கையைத் தாழ்த்தினாள், றொபி இறக்கினார். அது இறங்கி உட்கார்ந்தபோது சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் சாந்துக்கு வேண்டிய இடைவெளி அச்சொட்டாக இருந்தது. ஷஸ்னா உள்ளே போய் ரசமட்டத்தை வைத்தாள். குமிழ் நடுவில் நின்றது. குழாய்வாய் பைப்பின் வாயில் பொருந்தியிருந்தது. கொமட் கிப்லாவுக்குக் குறுக்கே கிடந்தது.

வெளியே வந்து தலையை ஆட்டினாள். எழுந்த சத்தத்தில் வீதியில் போன பஸ் ஒன்று நின்றுவிட்டுப் போனது.

அதன் பிறகு நடந்ததை நான் நீட்டவில்லை. அபூசாலி தன் பாஸ்மாரைப் பார்த்து என்ன வாய் பார்க்கிறீர்கள் என்று ஒரு அதட்டு அதட்டினார். அவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார்கள். பெட்டி என்று இரண்டு வருசமாகச் சிரித்தவர்களே அதன் இரும்புச் சட்டங்களை முடுக்கினார்கள், கூரைத் தகடுகளை ஏற்றினார்கள். அக்மல் நாலு பலகையைத் தேடிப் பிடித்து அடுக்களை ஓட்டைக்குள் அடித்தான். ஷஸ்னா அவன் தோளில் கை வைத்து மன்னிப்புக் கேட்டாள். அவன் அதற்குக் கூலியாகப் பெரிய கோழிப் பொரியலொன்றுக்கு வாக்கு வாங்கிக்கொண்டான். முன்கதவு மாட்டப்பட்டது. தண்ணீர்த் தாங்கியிலிருந்து பைப்புக்குத் தண்ணீர் வந்தது.

சூரியன் இன்னும் கடலைத் தொடவில்லை. பள்ளிக் காணியில் ஒரு வீடு நின்றது.

அலியார் ஹாஜியார் ஒவ்வொரு சுவரையும் கைத்தடியால் தட்டிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார், ஜன்னலைத் திறந்து மூடினார். தீர்ப்பைச் சொல்ல வெளியே வந்தபோது மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஆண்கள் பள்ளிக்குப் போக எழும்பினார்கள்.

றஹ்மத் உம்மா மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தார். பின்வளவால் சுற்றிப் போய், வாசல் வழியாகக் குளியலறைக்குள் நுழைந்தார். பைப் திறக்கும் சத்தம் கேட்டது. தொழுகைக்காகக் கழுவிய முகமும் கையும் காலும் ஈரமாக வெளியே வந்தார், முன்கதவால் தன் வீட்டுக்குள் போனார், கதவைச் சாத்தினார். சாந்து காயாத அந்த அறையில் ஒரு பாயை விரித்து அவர் தொழுவதை ஜன்னல் வழியாகப் பெண்கள் பார்த்தார்கள். ஷஸ்னா அப்போதுதான் அழுதாள். நன்றாக அழுதாள், யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதாள்.

தொழுதுவிட்டு வந்த அலியார் ஹாஜியார் இருபது வீடும் ஷஸ்னாவுக்கு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பெண்கள் தங்களுக்கும் வாசலை வெளியே வைத்த வீடுதான் வேண்டும் என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். சத்தம் அடங்கியதும் ஹாஜியார் இன்னொன்று கேட்டார். நோன்புக்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது, அதற்கு முன்னர் எல்லோரும் வீட்டுக்குள் போக முடியுமா.

ஷஸ்னா மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இருப்பது ஓர் அச்சு, பெட்டி ஒன்று காய ஒரு கிழமை. எப்படிப் பார்த்தாலும் இருபதில் பாதி கூட வராது. முடியாது என்று உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"முடியும் ஹாஜியார். இன்னும் ரெண்டு அச்சு தேடிக்கிறம்," என்றார் அபூசாலி.

இன்னும் இரண்டு அச்சை எங்கே போய்த் தேடுவது என்று அவள் வாப்பாவின் கையைப் பிடித்து இழுத்தபோது, கொழும்புக் கம்பனிக்காரர் இன்னும் போகாமல் ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்பது தெரிந்தது. சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வெறுங்காலோடு மணலில் நடந்து நேரே அபூசாலியிடம் வந்தார்.

"பாஸ், எங்கட பெரியவரோட இப்பதான் போன்ல கதைச்சன். வேற இடத்து வேலைக்கு எடுத்த அச்சு எங்களிட்டயும் இருக்குது. உங்களோட தனியாக் கொஞ்சம் கதைக்க ஏலுமா?"

அபூசாலி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, சாந்து அப்பிய கையால் மகளைக் காட்டினார்.

"பாஸ் நானில்ல தம்பி. அவதான். என்ன எண்டாலும் அவவோட கதைங்க."